டாலர் நோட்டு அச்சாவதை நேரில் பார்க்கலாம்: ஃபோர்ட் வொர்த் அச்சகத்துக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து அம்மா அப்பா டல்லாஸ் வந்து இறங்கினால் முதல் இரண்டு வாரம் கோவில், கடைகண்ணி, நண்பர்கள் வீட்டு விருந்து என்று ஓடிவிடும். மூன்றாவது வாரத்தில்தான் "இனி எங்கே கூட்டிப்போவது?" என்ற யோசனை வரும். எனக்கு அந்த யோசனை வந்தபோது கிடைத்த இடம், ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் டாலர் நோட்டு அச்சகம். போய்வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். அமெரிக்க நோட்டு இரண்டே இடங்களில்தான் அச்சாகிறது. ஒன்று தலைநகர் வாஷிங்டனில், இன்னொன்று இங்கே. பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க ஏற்பாடு உண்டு. கட்டணம் கிடையாது.

என் அப்பா கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் கேஷியராக உட்கார்ந்தவர். புது நோட்டுக் கட்டைப் பிரித்தால் நூறு நோட்டும் வரிசை எண்ணில் இருக்கும். முதல் நோட்டையும் கடைசி நோட்டையும் பார்த்தாலே நூறும் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். "இவ்வளவு சரியா எப்படி அடுக்குறாங்க? ஒவ்வொண்ணா எடுத்து வைக்க முடியுமா?" என்று நான் பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் கேட்பார். எங்கள் யாருக்கும் பதில் தெரியாது. அந்தப் பதில் ஃபோர்ட் வொர்த்தில் கிடைத்தது. அதனால் இந்த வழிகாட்டியும் அவருடைய கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகும். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒரு வெறும் தாள் எப்படி நூறு நோட்டுக் கட்டாக மாறுகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் நெஞ்சில் நிற்கும்.

முதலில் நாளைக் குறியுங்கள்

அச்சகத்தின் பெயர் பியூரோ ஆஃப் என்கிரேவிங் அண்ட் பிரிண்டிங், சுருக்கமாக பி.இ.பி. அமெரிக்க நிதித்துறையின் கீழ் இருக்கிறது. நோட்டை அச்சடிப்பது இவர்கள். இந்த வருடம் எந்த மதிப்பில் எத்தனை நோட்டு வேண்டும் என்று ஆர்டர் கொடுத்து வாங்கிக்கொள்வது ஃபெடரல் ரிசர்வ், அதாவது நம் ரிசர்வ் வங்கி மாதிரியான அமைப்பு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் உள்ளே சொல்லும் விஷயங்கள் குழப்பாது.

சனி, ஞாயிறு பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. மத்திய அரசு விடுமுறை நாட்களிலும் இல்லை. கோடை விடுமுறையில் வருகிறவர்கள் ஜூன் 19, ஜூலை 4 இரண்டையும் கவனிக்க வேண்டும். வார நாட்களிலும் எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்பது மாறிக்கொண்டிருக்கிறது. எனவே மூன்று வருடத்துக்கு முன் போனவர் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். போகிற வாரத்தில் அவர்களுடைய இணையதளத்தில் ஃபோர்ட் வொர்த் பக்கத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்கைந்து குடும்பம் சேர்ந்து போவதாக இருந்தால் குழுவாகப் பதிவு செய்ய வேண்டுமா என்றும் அங்கேயே பாருங்கள்.

காலையிலேயே போய்விடுவது நல்லது. அவசரமில்லாமல் பார்க்கலாம், டெக்சஸ் வெயிலும் ஏறியிருக்காது.

டல்லாஸ் பக்கம் வர வாய்ப்பில்லாமல் கிழக்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு வாஷிங்டன் அச்சகம் இருக்கிறது. 14ஆவது தெருவும் சி தெருவும் சந்திக்கும் இடத்தில், 1914இல் கட்டிய பெரிய தூண் வைத்த கட்டடம். ஸ்மித்சோனியன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். பக்கத்திலேயே யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம். அங்கே வழிகாட்டியோடு சுமார் 40 நிமிடம் சுற்றிக் காட்டுவது வழக்கம். கோடையில் கூட்டம் அதிகம், அனுமதி முறையும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பயணத் தேதி முடிவான உடனேயே இணையதளத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் பெரியவர்களோடு போக ஃபோர்ட் வொர்த்துதான் வசதி. உங்கள் வேகத்துக்குப் பார்க்கலாம், யாரும் "அடுத்து, அடுத்து" என்று நகர்த்த மாட்டார்கள்.

முந்தின இரவு ஒரு டாலர் நோட்டோடு பத்து நிமிடம்

இதை மட்டும் தவறவிடாதீர்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு ஒரு டாலர் நோட்டைக் கையில் கொடுங்கள். ஒரு இருபது டாலர் நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் தடவச் சொல்லுங்கள். ஒரு டாலர் நோட்டில் வாஷிங்டன் உருவத்தின் கோட்டுத் துணி இருக்கும் இடத்தில் நகத்தை மெதுவாக ஓட்டினால் மெல்லிய சொரசொரப்பு தெரியும். புது நோட்டாக இருந்தால் நன்றாகவே தெரியும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலாலேயே அதைக் கண்டுபிடித்தார். நாளைக்கு அந்தச் சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப்போகிறீர்கள்.

அடுத்து, முன்பக்கத்தின் இடதுபுறம் கறுப்பு வட்ட முத்திரைக்குள் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். அதற்கு ஏற்ற எண் நோட்டின் நான்கு மூலைப் பக்கமும் சிறியதாக அச்சாகியிருக்கும். மொத்தம் 12 ஃபெடரல் ரிசர்வ் வங்கிகள் என்பதால் ஏ முதல் எல் வரை 12 எழுத்து. ஏ என்றால் பாஸ்டன், எல் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ. கே என்ற எழுத்தும் 11 என்ற எண்ணும் இருந்தால் அது நம் டல்லாஸ் வங்கிக்காக அச்சான நோட்டு.

இப்போது அதே முன்பக்கத்தில் வலது கீழ்ப்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு தகட்டு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு முன்னால் எஃப், டபிள்யூ என்ற இரண்டு எழுத்து இருந்தால் அந்த நோட்டு ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தது. எழுத்து இல்லாமல் எண் மட்டும் இருந்தால் வாஷிங்டனில் பிறந்தது. இதைப் படிக்கப் பெரியவர்களுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்: கே என்பது நோட்டைக் கேட்டு வாங்கிய வங்கி, எஃப்டபிள்யூ என்பது அச்சான இடம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். 'சீரிஸ் 2021' என்று அச்சான நோட்டு கிடைத்தால் அதில் அப்போதைய நிதியமைச்சர் ஜேனட் யெல்லன், அப்போதைய கருவூலத் தலைவர் லின் மலெர்பா இருவருடைய கையெழுத்தும் இருக்கும். இரண்டு பெண்களின் கையெழுத்தோடு வந்த முதல் அமெரிக்க நோட்டு அது. 2022 டிசம்பரில் இருவரும் இதே ஃபோர்ட் வொர்த் அச்சகத்துக்கு வந்துதான் அதை வெளியிட்டார்கள்.

பிறகு இருபது டாலர் நோட்டை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஓரத்தில் நீர்க்குறி உருவம் தெரியும், தாளுக்குள் ஓடும் ஒரு இழை தெரியும். நோட்டைச் சாய்த்தால் வலது கீழ் மூலையில் இருக்கும் 20 என்ற எண் செம்பு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும். ஒரு டாலரில் இவை எதுவும் கிடையாது.

எதையெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டும்

இந்த இடத்தில் கண்டிப்பு அதிகம். கைப்பேசி, கேமரா, ஸ்மார்ட் வாட்ச், இயர்போன் என்று மின்னணுச் சாமான் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. பை, முதுகுப்பை, சாப்பாடு, தண்ணீர் பாட்டில், கத்தி, கத்தரிக்கோல் எதுவும் வேண்டாம். அங்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள், எல்லாவற்றையும் வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். ஜூலை வெயிலில் பூட்டிய காருக்குள் கைப்பேசி என்ன பாடுபடும் என்று தெரியுமல்லவா? வழி காட்டுவதற்கு ஒரு கைப்பேசி மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீட்டில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். அதையும் வெளியே தெரியாமல் வையுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம், அம்மா கையில் இருந்த ஸ்டெப் எண்ணும் பட்டையை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. வாசல்வரை போய் மறுபடி வண்டிக்கு நடந்து வந்தோம். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த நடை தேவையில்லாதது. எனவே வண்டியிலிருந்து இறங்கும்போதே எல்லோரும் கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சர்க்கரை அளவைப் பார்க்கும் கருவியோ இன்சுலின் பம்போ உடம்பில் இருந்தால், போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவது முக்கியம், உள்ளே இரண்டு மணி நேரம் ஆகலாம்.

கொண்டுபோக வேண்டியவை குறைவு. பெரியவர்களுக்கு ஒரு புகைப்பட அடையாள அட்டை, படிக்கும் கண்ணாடி, கடையில் வாங்கப் பணம், மெல்லிய ஸ்வெட்டர். முந்தின இரவு பார்த்த அந்த ஒரு டாலர் நோட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி

முகவரி 9000 புளூ மவுண்ட் ரோடு. ஃபோர்ட் வொர்த் நகரத்துக்கு வடக்கே, 35டபிள்யூ நெடுஞ்சாலைக்கும் 287ஆம் நெடுஞ்சாலைக்கும் பக்கத்தில். பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கமிருந்து போக்குவரத்தைப் பொறுத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கார் இல்லாமல் போவது சிரமம். பார்க்கிங் இலவசம்.

வாசலில் விமான நிலையம் போலவே சோதனை. அது முடிந்ததும் நீங்களாக நடந்து உள்ளே போக முடியாது. ஷட்டில் பேருந்து ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு பார்வையாளர் மையத்தில் இறக்கிவிடும். 1991இல் இந்த அச்சகத்தைத் திறந்தார்கள், பார்வையாளர் மையம் வந்தது 2004இல். வாஷிங்டன் அச்சகம் ஏதாவது ஒரு காரணத்தால் நின்றுபோனாலும் நாட்டில் நோட்டுக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது, மேற்கு மாநிலங்களுக்கு நோட்டை ஏற்றி அனுப்பும் தூரமும் குறைய வேண்டும் என்ற இரண்டு காரணத்துக்காக இங்கே கட்டினார்கள். நிலத்தை ஃபோர்ட் வொர்த் நகரமே கொடுத்தது. இன்றைக்கு அமெரிக்க நோட்டில் பாதிக்கு மேல் இங்கேதான் அச்சாகிறது.

மையத்துக்குள் முதல் அரை மணி நேரம்

உள்ளே ஒரு சிறு படம் போடுவார்கள். அதை உட்கார்ந்து பாருங்கள், பிறகு நடக்கும்போது கீழே என்ன நடக்கிறது என்று புரியும். இரண்டு தளத்தில் நோட்டின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம் இருக்கிறது. 1862இல் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு காகிதப் பணத்தை வெளியிட்டபோது, தனியார் அச்சகங்கள் தாளாக அனுப்பியதை நிதித்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் வைத்து வெட்டிப் பிரித்தார்கள். அப்படி ஒரு சிறு அறையில் தொடங்கிய வேலை, 1877 வாக்கில் நாட்டின் நோட்டு முழுவதையும் தாங்களே அச்சடிக்கும் நிலைக்கு வந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் தொட்டுப் பார்க்கும் விளையாட்டுகளில் நின்றுவிடுவார்கள். நேரம் குறைவாக இருந்தால் கூடத்தைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மேல்நடைபாதைதான் முதலில்.

மேல்நடைபாதை: கீழே ஒரு தாளின் பயணம்

அச்சுக்கூடத்துக்கு மேலே உயரத்தில், சுமார் கால் மைல் நீளத்துக்கு நடைபாதை. காதில் வைத்துக் கேட்கும் ஒலிக்கருவி தருவார்கள், ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்லும். விளக்கம் தமிழில் இல்லை என்பதால், பெற்றோருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கீழே எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். எது முதல், எது அடுத்தது என்ற வரிசை உங்கள் தலையில் இருந்தால்தான் சொல்ல முடியும்.

முதலில் தாள். இது மரக்கூழில் செய்த சாதாரணக் காகிதம் அல்ல. முக்கால் பங்கு பருத்தி, கால் பங்கு லினன். ஏறக்குறைய துணிதான். சட்டைப் பையோடு துவைத்தாலும் நோட்டு கரையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டால்டன் என்ற சிற்றூரிலிருக்கும் கிரேன் நிறுவனம் 1879இலிருந்து இந்தத் தாளைச் செய்து தருகிறது. சிவப்பும் நீலமுமான பொடி இழைகள் தாளிலேயே கலந்திருக்கும். ஐந்து டாலரும் அதற்கு மேலும் உள்ள நோட்டுக்கு நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் தாள் ஆலையிலேயே போட்டு வந்துவிடும்.

இரண்டாவது, பின்னணி வண்ணம். ஐந்து டாலரிலும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் மங்கலாகத் தெரியும் ஊதா, பீச், நீல நிறங்களை ஆஃப்செட் இயந்திரம் இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் பதிக்கிறது. ஒரு டாலருக்கும் இரண்டு டாலருக்கும் இந்த வேலை இல்லை.

மூன்றாவது, குழிவு அச்சு. உங்கள் கால்கள் இங்கே நிற்க வேண்டும். நோட்டில் உள்ள உருவம், எழுத்து, பூவேலை எல்லாவற்றையும் செதுக்குக் கலைஞர்கள் எஃகில் கையால் செதுக்குகிறார்கள், அதுவும் இடவலம் மாற்றி. உருவத்தைச் செதுக்குகிறவர் ஒருவர், எழுத்தைச் செதுக்குகிறவர் வேறு ஒருவர். அந்த மூலத்திலிருந்து பல பிரதி எடுத்து அச்சுத் தகடு செய்கிறார்கள். அம்மியைக் கொத்திவைத்தால், அரைத்து வழித்த பிறகும் கொத்திய குழியில் மசாலா தங்கி நிற்குமே, அதே கதைதான். தகடு முழுக்க மை தடவி மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் செதுக்கிய குழிக்குள் மட்டும் மை நிற்கும். பிறகு தாளை வைத்துப் பல டன் அழுத்தத்தில் அமுக்கினால் தாள் அந்தக் குழிக்குள் இறங்கி மையை வாரிக்கொண்டு வருகிறது. நேற்று இரவு விரலில் தட்டிய சொரசொரப்பு அதுதான்: தாளின் மேல் புடைத்து நிற்கும் மை. அம்மா இதை அம்மியோடு சேர்த்துச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, கீழே ஓடும் தாளைப் பார்த்தபடியே கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

பச்சைப் பக்கம் முதலில் அச்சாகும். அதை அடுக்கி 72 மணி நேரம் உலரவிட்டு, அப்புறம்தான் உருவம் உள்ள கறுப்புப் பக்கம் அச்சாகும். மறுபடியும் உலர வேண்டும். இதனால்தான் கீழே ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் வெறுமையுமாக ஆளுயரத்துக்குத் தாள் அடுக்குகள் சும்மா நிற்பதைப் பார்ப்பீர்கள். வேலை நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், காய்ந்துகொண்டிருக்கின்றன.

நான்காவது, பரிசோதனை. கேமராவும் கணினியும் ஒவ்வொரு தாளையும் பார்க்கின்றன. மை பரவியதோ விலகியதோ இருந்தால் அந்தத் தாள் ஒதுக்கப்பட்டு அழிக்கப்படும்.

எண் பதியும் இடம்: அப்பாவின் கேள்விக்குப் பதில்

இதுவரை தாளில் வரிசை எண் கிடையாது, முத்திரையும் கிடையாது. எனவே இன்னும் அது பணம் ஆகவில்லை. ஒரு தாளில் 32 அல்லது 50 நோட்டு இருக்கும். எண்ணும் முத்திரைகளும் பதிக்கும் இயந்திரத்தில் அந்தத் தாள் நுழைகிறது. இங்கே குழிவு அச்சு இல்லை, பழைய எழுத்தச்சு முறை: புடைத்த எண் சக்கரம் சுழன்று சுழன்று தாளில் எண்ணை இறக்குகிறது.

நாம் நினைப்பது என்ன? ஒரு தாளில் முதல் நோட்டுக்கு 1, பக்கத்து நோட்டுக்கு 2, அடுத்ததற்கு 3 என்று போகும் என்றுதானே? அப்படி இல்லை. ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்து நோட்டின் எண்களுக்கு நடுவே பல ஆயிரம் இடைவெளி இருக்கும். ஆனால் ஒரு தாளின் இடது மேல் மூலையில் இருக்கும் எண்ணுக்கு அடுத்த எண், அதற்கு அடுத்த தாளின் அதே மூலையில் இருக்கும்.

தினசரி காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு தாளைச் சேர்த்துப் பிடித்து, தேதி இருக்கும் இடத்தை மட்டும் ஒரே வெட்டாக வெட்டி எடுத்தால் என்ன கிடைக்கும்? நூறு நாளும் வரிசையாகக் கையில் வரும். ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியதே இல்லை. இங்கேயும் நூறு தாளை அடுக்கி, பெரிய கத்தி இறங்கி வெட்டுகிறது. முதலில் பாதியாக, பிறகு பட்டை பட்டையாக, கடைசியில் தனித்தனி நோட்டாக. வெட்டி முடிந்ததும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் நூறு நோட்டு, வரிசை எண் மாறாமல், ஒரு கட்டாக வந்து நிற்கிறது. 32 நோட்டுத் தாள் என்றால் ஒரே அடுக்கிலிருந்து 32 கட்டு.

இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அப்பா புரிந்துகொண்டார். "அப்போ அடுக்குறது இல்ல, வெட்டுறதுதான்" என்றார். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் நின்ற நேரம் வேறு எங்கேயும் நிற்கவில்லை.

சரி, எண் பதிந்த பிறகு ஒரு தாள் கெட்டுப்போனால்? அதே எண்ணை மறுபடி அச்சடிக்க அங்கே வழியில்லை. அந்த இடத்தில் ஒரு மாற்றுத் தாளை வைப்பார்கள். அதில் உள்ள நோட்டின் எண் முடிவில் எழுத்துக்குப் பதிலாக ஒரு நட்சத்திரம் இருக்கும். கையில் வரும் டாலரில் நட்சத்திரம் பார்த்தால் அது கெட்டுப்போன ஒன்றுக்குப் பதிலாக வந்த நோட்டு என்று பொருள். இந்தியாவிலும் 2006இல் 10, 20, 50 ரூபாயில் ரிசர்வ் வங்கி இதே முறையைக் கொண்டுவந்தது. அங்கே முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் நட்சத்திரம் வரும். அதற்கு முன்பு கெட்ட நோட்டின் அதே எண்ணில் வேறு நோட்டு அச்சடித்துக் கட்டில் சேர்ப்பார்கள். நட்சத்திரம் வந்த புதிதில் கள்ள நோட்டு என்று பயந்து கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு என்று அப்பா நடந்துகொண்டே சொன்னார்.

கடைசியில் கட்டுதல். நூறு நோட்டுக்கு ஒரு காகிதப் பட்டை, பத்து கட்டு சேர்ந்து ஆயிரம், அது நான்கு சேர்ந்தால் 4,000 நோட்டுள்ள ஒரு 'செங்கல்', நான்கு செங்கல் சேர்ந்தால் 16,000 நோட்டு. எந்த மதிப்பு நோட்டாக இருந்தாலும் ஒன்றின் எடை ஏறக்குறைய ஒரு கிராம்தான். எனவே பதினாறு கிலோ. ஒரு டாலராக இருந்தாலும் 16 கிலோ, நூறு டாலராக இருந்தாலும் 16 கிலோ. இதைப் பிள்ளைகளிடம் கணக்காகக் கேளுங்கள், உற்சாகமாகப் போடுவார்கள். அச்சாகும் நோட்டில் பெரும்பகுதி, கிழிந்து நைந்து திரும்பிவந்த பழைய நோட்டுக்கு ஈடாகத்தான் போகிறது. ஒரு டாலர் நோட்டின் ஆயுள் சராசரியாக ஆறேழு வருடம்.

"நம்ம ஊரில் இப்படிப் பார்க்க முடியுமா?"

பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். பதிலைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரூபாய் நோட்டு நான்கு இடங்களில் அச்சாகிறது: மகாராஷ்டிரத்தில் நாசிக், மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ், கர்நாடகத்தில் மைசூரு, மேற்கு வங்கத்தில் சால்போனி. இவற்றில் பழையது நாசிக், 1928இல் தொடங்கியது. முதல் இரண்டும் மத்திய அரசு நிறுவனத்தின் கீழும், மற்ற இரண்டும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்தின் கீழும் இருக்கின்றன. இப்படிப் பொதுமக்கள் நடந்து பார்க்கும் நடைபாதை எதிலும் இல்லை. அந்த ஆசை உள்ளவர்கள் மும்பை கோட்டைப் பகுதியில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 2004இல் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தது. பழங்கால நாணயத்திலிருந்து இன்றைய நோட்டு வரை இருக்கிறது. அச்சு இயந்திரம் ஓடுவதைப் பார்க்க முடியாது என்றாலும் நம் பணத்தின் கதை அங்கேதான் இருக்கிறது. தென்னிந்தியாவிலேயே இருக்கும் மைசூரில் ஒரு நடைபாதை திறந்தால் எத்தனை பள்ளிக்கூடங்கள் வரும் என்று திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

கடையும் திரும்பும் வழியும்

வெளியே வரும்முன் ஒரு கடை. பொடிப்பொடியாக நறுக்கிய பழைய நோட்டைப் பையில் போட்டு விற்பார்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். என் யோசனை வேறு: வெட்டாத நோட்டுத் தாள் ஒன்று வாங்குங்கள். சில நோட்டு மட்டும் சேர்ந்த சிறிய தாளாகவும், முழுத் தாளாகவும் கிடைக்கும். உள்ளே இருக்கும் பணத்தின் மதிப்பைவிட விலை கூடுதல், ஆனால் உள்ளே இருப்பது செல்லும் பணம்தான். வெட்டிக் கடையில் கொடுத்தாலும் சட்டப்படி செல்லும். ஒரு டாலர் நோட்டு சில மட்டும் உள்ள சிறிய தாள் எல்லோருக்கும் கட்டுப்படியாகும். மடிக்காமல் குழலில் சுருட்டிக் கைப்பெட்டியில் கொண்டுபோங்கள். இந்தியாவுக்குள் கொண்டுபோகும் வெளிநாட்டு நோட்டு 5,000 டாலரைத் தாண்டினால்தான் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். கையில் இருக்கும் மற்ற டாலரோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டால் போதும்.

மதியம் வீணாக வேண்டாம் என்றால் அங்கிருந்து தெற்கே ஃபோர்ட் வொர்த் ஸ்டாக்யார்ட்ஸ் போகலாம். நீளக் கொம்பு மாடுகளைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போகும் காட்சி காலை 11.30க்கும் மாலை 4க்கும் நடக்கும். கிராமத்தில் வளர்ந்த பெரியவர்கள் கொம்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நாங்கள் வாங்கியது நான்கு நோட்டுத் தாள். இப்போது ஊர் வீட்டுக் கூடத்தில், தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களை அப்பா அதன் முன் நிறுத்தி, மேல் நோட்டின் எண்ணையும் அதன் கீழ் நோட்டின் எண்ணையும் சத்தமாகப் படிக்கச் சொல்கிறாராம். "ஏன் வரிசையா இல்ல, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காலண்டரைக் கையில் எடுத்துவிடுகிறார் என்று அம்மா போனில் சொன்னார்.